மாற்றிய காரும் மாறாத பாலிசியும்

வாகனக் காப்பீடு குறித்து வந்த கடிதங்களில், காரில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவிப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதம் எழுதியவர்களில் பலர் கிளைம் மறுக்கப்பட்ட பிறகே இந்த விஷயத்தை முதன்முதலாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்பதால், பதில்களைச் சற்று விரிவாகவே தருகிறோம்.

என் பெட்ரோல் காரில் சென்ற மாதம் சி.என்.ஜி. கிட் பொருத்தினேன். 60,000 ரூபாய் செலவானது. பாலிசி முடிய இன்னும் ஏழு மாதங்கள் இருக்கின்றன. “இப்போது சொன்னால் பிரீமியம் கூடிவிடும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்” என்கிறார் பாலிசி எடுத்துக் கொடுத்த முகவர். அதுவரை காத்திருக்கலாமா?
– வாசகர், ஈரோடு

காத்திருக்க வேண்டாம். இந்த இதழ் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலையாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தெரிவிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனம் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது. ஆனால் அதே பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட கிட்டைப் பொருத்தி சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற்றிக்கொள்வதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. முன் அனுமதி பெறாமல் மாற்றம் செய்திருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும் என்பது சட்டம். உங்களுக்கு ஒரு மாதம் கடந்துவிட்டது என்பதால், கிட் பொருத்திய நிறுவனம் தந்த சான்றிதழ், கிட்டின் அங்கீகாரச் சான்று, சிலிண்டர் பரிசோதனைச் சான்று, ரசீது ஆகியவற்றோடு உடனே விண்ணப்பியுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் ‘பெட்ரோல்’ என்றிருப்பது ‘பெட்ரோல்/சி.என்.ஜி.’ என்று மாறிய பிறகுதான் அந்த கிட் சட்டப்படி உங்கள் காரின் பகுதியாகிறது.

இரண்டாவது இடம் காப்பீட்டு நிறுவனம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துவிட்டால் அந்தத் தகவல் தானாகவே காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். அது போய்ச் சேராது. நீங்கள்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். காப்பீடு என்பது உச்ச நன்னம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். நிறுவனம் உங்கள் காரைத் தினமும் வந்து பார்ப்பதில்லை. நீங்கள் சொன்னதை நம்பித்தான் எவ்வளவு பிரீமியம் என்று முடிவு செய்கிறது. ஆகவே ஆபத்தின் அளவையோ காரின் மதிப்பையோ மாற்றக்கூடிய எந்தத் தகவலையும் கேட்காமலேயே சொல்லிவிட வேண்டிய பொறுப்பு பாலிசிதாரருடையது. முன்மொழிவுப் படிவத்தில் நீங்கள் அளித்த பதில்கள் உண்மையாக இருப்பது, நிறுவனம் பணம் தருவதற்கான முன்நிபந்தனை என்று பாலிசியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இனி முகவர் பயமுறுத்தும் பிரீமியத்தைப் பார்ப்போம். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் 25ஆம் எண் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு இணைக்கும் திருத்தக் குறிப்பு, இதற்கென்றே இருக்கிறது. அதன்படி கிட்டின் மதிப்பில் 4 சதவீதம் சொந்தச் சேதப் பிரிவிலும் (உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கானது), 60 ரூபாய் மூன்றாம் நபர் பிரிவிலும் (பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது) கூடுதலாகச் செலுத்த வேண்டும். 2007 ஜனவரியில் சொந்தச் சேதக் கட்டணத்தின் மீதான கட்டுப்பாடு நீங்கிவிட்டதால் இன்று நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை வேறுபடலாம். ஆயினும் பல நிறுவனங்கள் இந்தக் கணக்கையே இன்னும் அடிப்படையாக வைத்திருக்கின்றன. உங்கள் 60,000 ரூபாய் கிட்டுக்கு ஓர் ஆண்டுக்கு 2,400 ரூபாய், மீதமுள்ள ஏழு மாதங்களுக்கு விகிதப்படி சுமார் 1,400 ரூபாய், வரி தனி. லட்சக்கணக்கில் மதிப்புள்ள காரின் பாதுகாப்பை இந்தத் தொகைக்காக ஏழு மாதங்கள் கேள்விக்குறியாக்கி வைத்திருக்கச் சொல்லும் ஆலோசனையை நல்ல ஆலோசனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இடையில் விபத்து நேர்ந்தால் என்னவாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் காரின் டிக்கியைத் திறந்த உடனேயே சிலிண்டரைப் பார்ப்பார். பாலிசியில் எரிபொருள் பெட்ரோல் என்றிருப்பதையும் பார்ப்பார். தீ விபத்தாகவோ பின்புறம் மோதிய விபத்தாகவோ இருந்தால், மாற்றத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று வாதிடுவது நிறுவனத்துக்கு எளிது. கிளைமை முழுவதுமாக மறுக்கலாம். அல்லது ஒரு பகுதியைக் குறைத்துத் தரலாம். அவர்கள் மறுத்தது சரியா தவறா என்பதை நுகர்வோர் ஆணையத்தில் பிறகு வாதாடலாம் என்றாலும், அத்தனை காலமும் கார் பணிமனையில் நிற்கும்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சலாகவோ பதிவுத் தபாலாகவோ எழுதுங்கள். கிட்டின் ரசீதையும் மாற்றப்பட்ட ஆர்.சி.யின் நகலையும் இணையுங்கள். ஆர்.சி. கைக்கு வரத் தாமதமானால் விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டை இணைத்துத் தகவலை முதலில் பதிந்துவிடுங்கள். அவர்கள் காரைப் பார்வையிட வரலாம். பணம் கட்டியதும் கிட்டின் மதிப்பைக் குறிப்பிட்டு, தேதியும் எண்ணும் இட்ட எண்டார்ஸ்மென்ட் தாளைக் கேட்டு வாங்குங்கள். முகவரிடம் வாயால் சொன்னது, வாட்ஸ்அப்பில் அவர் கட்டைவிரலைக் காட்டியது ஆகியவற்றை எண்டார்ஸ்மென்டுக்கு ஈடாகக் கருத வேண்டாம். ஒன்று கூடுதலாக: சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சான்று காலாவதியாகியிருந்தால், எண்டார்ஸ்மென்ட் இருந்தும் சர்வேயர் கேள்வி எழுப்பக்கூடும்.

தொழிற்சாலையிலேயே சி.என்.ஜி. பொருத்தி வரும் கார்களை வாங்கியவர்களும் ஒருமுறை பாலிசியை எடுத்துப் பாருங்கள். இணையத்தில் அவசரமாகப் புதுப்பிக்கும்போது எரிபொருள் இடத்தில் பெட்ரோல் என்று தேர்ந்தெடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

புதிய காரில் அலாய் வீல், 40,000 ரூபாய்க்கு மியூசிக் சிஸ்டம், லெதர் சீட் கவர் ஆகியவற்றை வெளிக்கடையில் பொருத்தினேன். என்னுடையது ‘பம்பர் டு பம்பர்’ பாலிசி. இவையெல்லாம் அதில் அடங்கிவிடும்தானே?
– வாசகர், சென்னை

அடங்காது. ‘பம்பர் டு பம்பர்’ என்று விற்பனையாளர்கள் சொல்வது தேய்மானக் கழிவில்லாத பாலிசியைத்தான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களை மாற்றினால் 50 சதவீதத்தையும், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதத்தையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்வார்கள். நீங்கள் கூடுதல் பிரீமியம் கட்டியிருப்பதால் அந்தக் கழிவு உங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் அதன் பொருள். காப்பீடு செய்யப்படாத ஒரு பொருளுக்கு அந்தப் பாலிசி புதிதாகக் காப்பீட்டை உண்டாக்கித் தராது.

எந்தப் பொருள் காப்பீடு செய்யப்பட்டது என்பதை ஐ.டி.வி., அதாவது பாலிசியில் அறிவிக்கப்பட்ட காரின் மதிப்பு, தீர்மானிக்கிறது. தயாரிப்பு நிறுவனத்தின் விற்பனை விலைப் பட்டியலில் உள்ள விலையிலிருந்து காரின் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து வருவது ஐ.டி.வி. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30 என்று அது இறங்கும். அந்த விலைப் பட்டியலில் இல்லாத எதுவும் ஐ.டி.வி.யில் இல்லை. நீங்கள் வெளிக்கடையில் வாங்கிய மூன்றும் பட்டியலில் இல்லாதவை. ஆகவே அவற்றைத் தனியாக அறிவித்து மதிப்பைச் சேர்க்க வேண்டும். அந்த மதிப்பும் காரோடு சேர்ந்தே ஆண்டுதோறும் தேயும்.

மியூசிக் சிஸ்டம் மின்சாதன வகையைச் சேர்ந்தது. கட்டண விதிகளின் 24ஆம் எண் எண்டார்ஸ்மென்ட் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கேட்கிறது. 40,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 1,600 ரூபாய். அலாய் வீலும் சீட் கவரும் மின்சாரம் சாராத துணைப்பொருட்கள் என்பதால் அவற்றின் மதிப்பு ஐ.டி.வி.யோடு கூட்டப்பட்டு, காருக்கு உள்ள அதே விகிதத்தில் பிரீமியம் கணக்கிடப்படும். ரசீதில் ஜி.எஸ்.டி. எண் உள்ள கடையில் வாங்கியிருந்தால் வேலை எளிதாகும். ரசீதில்லாத பொருளுக்கு மதிப்பை நிறுவுவது கடினம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மியூசிக் சிஸ்டத்தை நீங்கள் அறிவிக்காமல் விட்டால், திருடு போனால் அதற்குப் பணம் கிடைக்காது. மற்றபடி காரின் பாலிசிக்கு ஆபத்தில்லை. 2,000 ரூபாய் சீட் கவரை அறிவிக்காமல் விடுவது உங்கள் விருப்பம். ஆனால் அலாய் வீலின் அளவு காருக்குத் தயாரிப்பு நிறுவனம் குறித்த அளவுகளுக்கு மேற்பட்டதாக இருந்து, டயர் வெளியே துருத்திக்கொண்டிருந்தால், விஷயம் மதிப்பைத் தாண்டிக் காரின் பாதுகாப்பைத் தொடுகிறது. பிரேக் பிடிக்கும் தூரம், திருப்பத்தில் காரின் நிலை, வேகமானி காட்டும் அளவு எல்லாமே மாறும். அதே மாடலின் உயர் ரகத்துக்கு நிறுவனம் தரும் அளவுக்குள் இருந்துகொள்ளுங்கள். அதற்கு மேற்பட்டதை வைத்திருந்தால் மறைக்காமல் எழுதிக் கேளுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையில் பொதிந்திருக்கும் கார்களில், அந்த இடத்தை மூடித் தைத்த சீட் கவர் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இது காப்பீட்டைவிடப் பெரிய காரியம்.

எங்கள் ஊரில் பாதிக் கார்களில் முன்னால் இரும்புக் கார்டும் கூடுதல் ஃபோகஸ் விளக்குகளும் இருக்கின்றன. நானும் பொருத்தியிருக்கிறேன். காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவித்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா?
– வாசகர், திருநெல்வேலி

தீராது. சட்டம் அனுமதிக்காத மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்தால் அனுமதிக்கப்பட்டதாக ஆக்க முடியாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், கிராஷ் கார்டு, புல் பார் ஆகியவற்றைப் பொருத்துவது 52ஆம் பிரிவுக்கு முரணானது என்று தெளிவாக்கியது. கேரளத்திலிருந்து வந்த ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பு நிறுவனம் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை உருமாற்றுவது கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. முன்புறத்தில் ஸ்பாட் லைட் பொருத்துவதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111ஆம் விதி பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அனுமதிப்பதில்லை.

இந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. இன்றைய காரின் முன்பகுதி மோதலின்போது நசுங்கி, அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அந்த நசுங்கலை உணரும் சென்சார்கள்தாம் ஏர்பேக்கை எந்தக் கணத்தில் விரிக்க வேண்டும் என்று முடிவு செய்கின்றன. சேஸிஸோடு நேரடியாகப் பிணைத்த இரும்புக் கார்டு மோதலின் விசையை அப்படியே உள்ளே கடத்துகிறது. ஏர்பேக் தாமதமாக விரியலாம், விரியாமலும் போகலாம். குறுக்கே வரும் பாதசாரிக்கு அந்த இரும்பு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஊரில் பாதிப் பேர் பொருத்தியிருப்பது விபத்துக்குப் பிறகு சர்வேயரிடம் சொல்லக்கூடிய பதிலாக இருக்காது. கழற்றிவிடுங்கள், விளக்குக்காக வெட்டி ஒட்டிய வயர்களையும் நல்ல எலக்ட்ரீஷியனைக் கொண்டு பழையபடி சரிசெய்துவிடுங்கள்.

நிறம் மாற்றுவது பற்றி இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம். முழுக் காரையும் வேறு நிறத்துக்கு மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று ஆர்.சி.யைத் திருத்தி, அதன் நகலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

இதுபோன்ற மாற்றம் செய்யப்பட்ட கார் யாரையாவது மோதிவிட்டால், அடிபட்டவருக்கும் இழப்பீடு கிடைக்காதா?
– வாசகி, மதுரை

அடிபட்டவரைச் சட்டம் பாதுகாக்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவின்படி கட்டாயம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் எந்தெந்தக் காரணங்களைச் சொல்லி மறுக்கலாம் என்பதை 150ஆம் பிரிவு வரையறுத்துவிட்டது. முக்கியமான தகவலை மறைத்துப் பாலிசி பெறப்பட்டது என்பது அந்தக் காரணங்களில் ஒன்று என்றாலும், அதை நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். இத்தகைய வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கார் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளுமாறு நிறுவனத்துக்கு உத்தரவிடுவதும் உண்டு. அந்த வசூல் உத்தரவு வந்தால், உயிரிழப்பு வழக்கில் பல லட்சம் ரூபாயை உரிமையாளரின் குடும்பம் சுமக்க நேரும். மறைத்தவர் உண்மையில் அஞ்ச வேண்டிய இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன்; சொந்தக் காரின் சேதத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது, இதற்கு இல்லை.

மூன்று ஆண்டு பழைய காரை வாங்கி ஒரு வாரம் ஆகிறது. முந்தைய உரிமையாளர் என்னென்ன மாற்றினார் என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் பார்த்துவிட்டு, என்ஜின் ரீமேப் செய்யப்பட்டிருக்கலாம் என்கிறார். நான் செய்யாத மாற்றத்துக்கு நான் பொறுப்பாவேனா?
– வாசகி, காஞ்சிபுரம்

கார் உங்கள் பெயருக்கு வந்ததும் அதன் நிலையைத் தெரிவிக்கும் பொறுப்பும் உங்களிடம் வந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, வாகனம் கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பிரிவு தானாக மாற்றித் தருவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. சொந்தச் சேதக் காப்பீடு நிறுவனம் ஒப்புக்கொண்டு பெயர் மாற்றினால்தான் உங்களுக்கு வரும். உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. அதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கண்டறியும் கருவியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். மாற்றப்பட்டிருந்தால் பழைய மென்பொருளையே மீண்டும் ஏற்றிவிடச் சொல்லி, அதற்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரீமேப் செய்த கார் வெளியே பார்ப்பதற்கு எந்த வேறுபாடும் காட்டாது. ஆனால் என்ஜினின் திறனும் புகையின் அளவும் மாறிவிட்டன. வேகமும் திறனும் கூடிய காருக்குப் பழைய திறனுக்கான பிரீமியத்தைக் கட்டிக்கொண்டிருப்பது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், முக்கியத் தகவலை மறைத்தலே. அப்படியே வைத்துக்கொள்ள விரும்பி அறிவித்தால் பெரும்பாலும் நிறுவனம் ஏற்காது.

பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு, காரைப் பார்வையிட்டுப் புகைப்படங்களுடன் பதிந்துகொள்ளுமாறு நீங்களே எழுத்து மூலம் கேளுங்கள். நிறுவனமே பார்த்து ஏற்றுக்கொண்ட நிலையைப் பின்னாளில் அதே நிறுவனம் மறுப்பது எளிதல்ல. பழைய உரிமையாளர் இருக்கும்போதே, வெளியில் பொருத்திய பொருட்களின் ரசீதுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விபத்தில் என் தம்பி ஒரு காலை இழந்தான். கையாலேயே பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் இயக்கும்படி அவனுடைய காரை மாற்றவிருக்கிறோம். இதைச் சொன்னால் காப்பீட்டு நிறுவனம் பாலிசியை ரத்து செய்துவிடுமோ என்று அஞ்சுகிறோம்.
– வாசகர், தஞ்சாவூர்

அஞ்ச வேண்டியதே இல்லை. இந்த ஒரு மாற்றத்தைத் தெரிவித்தால் பிரீமியம் குறையும்.

மாற்றுத்திறனாளிகளின் தேவைக்கேற்பக் காரை மாற்றியமைக்க 52ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு தனியே வழிவிட்டிருக்கிறது. மாற்றியமைத்த பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பெற்றால் போதும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி, தகவமைக்கப்பட்ட வாகனம் என்று ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள். தம்பியின் ஓட்டுநர் உரிமத்திலும் அந்த வகை இடம்பெற வேண்டும். அது இல்லாமல் ஓட்டினால் கிளைம் வேறு காரணத்தால் சிக்கலாகும். பிறகு திருத்திய ஆர்.சி.யோடு காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். மோட்டார் கட்டண விதிகளின் 12ஆம் எண் எண்டார்ஸ்மென்ட், மாற்றுத்திறனாளிகளுக்கென வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த வாகனங்களுக்கு, அந்த விவரம் ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால், சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி தருகிறது. நிறுவனத்தின் கிளையில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த எண்டார்ஸ்மென்ட் நினைவில் இல்லாமல் இருக்கலாம்; எண்ணைக் குறிப்பிட்டே எழுதிக் கேளுங்கள். கைக்கருவியின் விலையைத் துணைப்பொருள் மதிப்பாகச் சேர்க்கவும் மறக்க வேண்டாம், விபத்தில் அது உடைந்தால் உங்கள் தம்பிக்கு அதுவே முதலில் தேவைப்படும். அவர் மீண்டும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறார் என்பதில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி.

டேஷ் கேமரா வைத்திருக்கிறேன். அதையும் சொல்ல வேண்டுமா?
– வாசகர், புதுச்சேரி

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகி வைத்திருந்தால் தேவையில்லை. திருடு போனால் பணம் வேண்டுமென்றால் மட்டும் மின்சாதனமாக அறிவியுங்கள். ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி உண்டு.

வெளிக்கடையில் எல்.இ.டி. ஹெட்லைட் மாற்றி எட்டு மாதங்கள் கழித்து, நிறுத்தியிருந்த கார் தீப்பிடித்து முழுவதும் எரிந்துவிட்டது. ‘அறிவிக்கப்படாத மாற்றம்’ என்று ஒரே வரியில் கிளைமை மறுத்துவிட்டார்கள். இனி ஏதாவது வழி இருக்கிறதா?
– வாசகர், சேலம்

இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.

தனியார் கார் பாலிசியில் காப்பீடு செய்யப்படும் ஆபத்துகளின் பட்டியலில் ‘தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல்’ என்று சேர்ந்தே வரும். ஆகவே நின்றுகொண்டிருந்த கார் எரிந்தது பாலிசிக்குள் வரும் நிகழ்வுதான். கேள்வி, நீங்கள் செய்த மாற்றத்திலிருந்துதான் தீ தொடங்கியதா என்பது. முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பாலிசிதாரர் கேட்டால் அதைத் தர வேண்டும். தீ எந்த இடத்தில் தொடங்கியது, ஹெட்லைட் வயரிங்கில் மின்கசிவு நடந்ததற்குத் தடயம் உண்டா, ஆய்வகச் சோதனை செய்யப்பட்டதா என்று அதில் பாருங்கள். தீயணைப்புத் துறையின் அறிக்கையையும் பெறுங்கள். தீ பேட்டரிப் பக்கமோ பின்புறமோ தொடங்கியதாகத் தெரிந்தால் உங்கள் கை ஓங்குகிறது. கப்ளரில் செருகும் வகை விளக்கா, வயரை வெட்டி இணைத்ததா என்பதும் முக்கியம்; பொருத்திய கடைக்காரரிடம் அதைக் குறிப்பிட்டு ரசீதும் கடிதமும் வாங்குங்கள். வயரை வெட்டித்தான் இணைத்தார் என்றால், அதை மாற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள்; பொய்யான ஆவணம் இருக்கிற வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

நிபந்தனை மீறல் இருந்தாலே கிளைம் முழுவதும் போய்விடும் என்பதில்லை. 2008இல் நிதின் கண்டேல்வால் வழக்கில், திருடுபோன வாகனம் வாடகைக்கு ஓடியது என்ற காரணம் திருட்டோடு தொடர்பற்றது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2010இல் அமலேந்து சாஹு வழக்கில், அத்தகைய மீறல் இருந்தாலும் கிளைமை முற்றாக மறுக்காமல், ஏற்கத்தக்க தொகையில் 75 சதவீதத்தைத் தருமாறு உத்தரவிட்டது. அந்த வழக்குகள் வாகனத்தைப் பயன்படுத்திய விதம் பற்றியவை, உங்களுடையது வாகனத்தில் செய்த மாற்றம் பற்றியது. ஆகவே அதே முடிவு கட்டாயம் கிடைக்கும் என்று உறுதி கூற மாட்டேன். ஆனால் உங்கள் முறையீட்டில் அவை இரண்டையும் குறிப்பிட முழு நியாயம் இருக்கிறது.

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவரால் வழங்க முடியும். நிறுவனத்தின் இறுதி மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அங்கே மனு செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் அதே மனுவை ஏற்கமாட்டார் என்பதால், முதலில் சென்னைக்கே எழுதுங்கள். எரிந்த கார் இப்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே, எந்தப் பாகமும் கழற்றப்படாமல் இருக்கட்டும். அதைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டால் தீ எங்கே தொடங்கியது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.